கதவை இன்னும் ஒட்டவில்லை

தாகெட்டா, ரங்கூன்

அன்பு மகள் தேவிக்கு அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ கோபமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. நான் போனை வைக்கவில்லையம்மா. கரண்டு போனது, கூடவே டவரும் போனது. மறுபடி கூப்பிட்டால் நான் பாதி சொல்வதற்குள் திரும்பவும் அறுந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பெரிதாக்கிப் படி.

உன் கோபம் நியாயம்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, ஊருக்கு வந்த பிள்ளையைக் கெஞ்சிக் கொடுத்தனுப்பிய கிட் பெட்டி, பாகம் பாகமாக ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் பொம்மை லாரி. மூடியில் வெள்ளியும் விளக்குமாக மின்னுகிற லாரி. அப்பா அதை அப்படியே ஒட்டி, அலமாரியில் வைத்து, பக்கத்தில் நின்று சிரிப்பார் என்று நினைத்திருப்பாய். தம்பி அனுப்பிய படத்தில் பார்த்தால் கேபின் இரண்டு துண்டு, அடிச் சட்டம் மூன்று துண்டு, வெள்ளிப் பாகமெல்லாம் அம்மா துணி வெளுக்க வைத்திருந்த பிளீச்சில் முங்கிக் கிடக்கின்றன. "ஏன்பா, பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே" என்றாய். பிடித்ததால்தானம்மா அறுத்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

நீ அனுப்பியது அவோஷிமா கம்பெனியின் 1/32 டெக்கோட்டோரா, நிஜ வண்டியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஜப்பான் லாரிக்காரர்கள் கல்யாணப் பெண் மாதிரி வண்டிக்கு நகை போட்டு ஓட்டுவார்களே, அந்த ஜாதி. அழகுதான். ஆனால் அது யாரோ ஒருத்தருடைய வண்டி. எனக்கு வேண்டியது நான் ஓட்டிய நம் ஹினோ லாரி. டி.இ. வண்டி, மூக்கு நீண்டது. உனக்கு நினைவிருக்கும்.

அந்த வண்டிக்கும் நீ இப்போது இருக்கிற நாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. யுத்தத்தில் ஜப்பான்காரன் இங்கே பண்ணிய நாசத்துக்கு நட்ட ஈடு தருவதாக 1954-ல் ஒப்பந்தம் ஆனது. அந்த வழியாகத்தான் ஹினோ லாரி, மாஸ்டா சின்ன வண்டி, குபோட்டா உழவு இயந்திரம், மட்சுஷிட்டா மின்சாமான் எல்லாவற்றையும் இங்கேயே பாகம் பூட்டி உருவாக்குகிற வேலை தொடங்கியது. ரங்கூனில் நீலக்கலர் மாஸ்டா குட்டி டாக்சி ஓடியதே, அதுவும் அப்படி வந்ததுதான். நம் லாரி என் கைக்கு வந்தபோது ஏறக்குறைய என் வயசு அதற்கும். கேபின் தகரம் உளுத்து, பாதிக்கு மேல் மரத்தில் அடித்திருந்தார்கள். எந்தக் கம்பெனியும் அதற்குக் கிட் போடப்போவதில்லை. நாமே செய்தால்தான் உண்டு.

ஆனால் அளவுக்கு எங்கே போவது? வண்டியை விற்றுப் பல வருஷம் ஆகிறது. கையில் இருப்பது பீலிக்கான் திருவிழாவுக்குப் போனபோது எடுத்த ஒரே ஒரு போட்டோ. நீ அம்மா இடுப்பில் இருக்கிறாய், வண்டி பக்கவாட்டில் நிற்கிறது. யோசித்துக்கொண்டே படுத்தவனுக்கு நடுராத்திரியில் வழி பிடிபட்டது. டயர்! அதில் ஓடியது 9.00-20. எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பேன். நின்றால் என் இடுப்புக்கு வரும், ஏறக்குறைய 1 மீட்டர் 2 சென்டிமீட்டர். போட்டோவில் டயரை ஸ்கேல் வைத்து அளந்தேன், கதவை அளந்தேன், மூக்கை அளந்தேன். டயர் தெரிந்தால் மற்றதெல்லாம் விகிதத்தில் வந்துவிடுகிறது. 1/32-க்கு டயர் 32 மில்லிமீட்டர் வரவேண்டும். உன் கிட் டயரை அளந்தால் ஏறக்குறைய அதே. அன்று ராத்திரி உன் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆக உன் கிட்டிலிருந்து சக்கரம், அச்சு, சட்டம், ஸ்டியரிங், சீட் எடுத்துக்கொண்டேன். இப்போதைய வண்டிக்கு மூக்கே கிடையாது, டிரைவர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பான். டி.இ.யில் எஞ்சின் முன்னால். அதனால் கேபினைப் பின்னுக்குத் தள்ளி, சட்டத்தை வெட்டி நீட்டி, உள்பக்கம் பட்டை வைத்து ஒட்டினேன். மூக்கை ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி மாதிரி கட்டி, மேலே புட்டி பூசி, 400 நம்பரில் தொடங்கி 1000 வரைக்கும் உப்புத்தாள் போட்டேன். பானட்டின் வளைவு இருக்கிறதே, அது மட்டும் நாலு தடவை. மூன்றாவது தடவை செய்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஹினோ மாதிரி இல்லை, கோபித்துக்கொண்ட பன்றி மாதிரி இருந்தது.

வெள்ளிப் பாகத்தைப் பிளீச்சில் போட்டதற்கும் காரணம் உண்டு. அந்தப் பளபளப்பு மெல்லிய பூச்சு. அதன் மேல் பசை பிடிக்காது, பெயிண்டும் நிற்காது. பிளீச்சில் ஊறவைத்தால் வெள்ளி கரைந்து போய்விடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. நம் வண்டியின் பம்பர் என்றைக்கம்மா மின்னியது?

இனி பலகை. இதைக் கேட்டால் சிரிப்பாய். பின் தொட்டி முழுக்கத் தேக்கு, ஒரு அங்குலப் பலகை. தேக்கு விளைகிற தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, பொம்மைத் தொட்டிக்கும் தேக்கே போடலாம் என்று ஒரு துண்டை இழைத்து இழைத்து 0.8 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தேன். அந்த அளவில் ஒரு அங்குலம் அவ்வளவுதான். மாட்டிப் பார்த்தால் பொய்யாகத் தெரிகிறது! பலகையைச் சின்னதாக்கலாம், மரத்தின் ரேகையைச் சின்னதாக்க முடியாதே. ஒவ்வொரு ரேகையும் வண்டிக் கணக்கில் கைவிரல் தடிமன். கடைசியில் பிளாஸ்டிக் தகட்டில் ரம்பப் பல்லால் இழுத்து இழுத்து ரேகை கீறி, வெளிர் மஞ்சள் அடித்து, அதன் மேல் மரநிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசித் துடைத்தேன். அதுதான் தேக்காகத் தெரிகிறது. நீ இருக்கிற ஷிசுவோகாவில் டாமியா கம்பெனி 1946-ல் தொடங்கியது மர வியாபாரமாகத்தான். மரத்தில் பொம்மை செய்து விற்றுவிட்டு 1960-ல்தான் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். அவர்களுக்கே அத்தனை வருஷம் பிடித்தது, எனக்கு இரண்டு வாரம்.

பெயிண்ட் சங்கதி தனிப் பாடு. காற்றடித்துத் தெளிக்கிற மிஷினுக்குக் கரண்டு வேண்டும், அது எப்போது வரும் என்று மின்சாரக்காரருக்கே தெரியாது. அதனால் பிரஷ்தான். மழைக்காலத்தில் அடித்தால் காற்றில் இருக்கிற ஈரம் ஏறி, பெயிண்ட் பால் ஊற்றியது போல வெளுத்துவிடுகிறது. ஒரு தடவை மூக்கு முழுக்க அப்படி ஆகி, சுரண்டி எடுத்தேன். இப்போது வெயில் அடிக்கிற மத்தியானத்தில் மட்டும் அடிக்கிறேன். கண்ணாடியில் இன்னொரு பாடம் படித்தேன். அவசரப்பட்டுச் சூப்பர் பசையால் ஒட்டினேன். காலையில் பார்த்தால் முன்கண்ணாடி முழுக்க மாசி மாதப் பனி. அந்தப் பசையின் ஆவி கண்ணாடி மேல் வெள்ளையாகப் படிந்துவிடுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசைதான் அதற்கு ஏற்றது என்று அப்புறம்தான் தெரிந்தது. பாழானதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டிப் புதுக் கண்ணாடி போட்டேன்.

துருவுக்கு உப்பு. முதலில் துருநிறம் அடி. காய்ந்ததும் ஈரம் தொட்டு அங்கங்கே கல்லுப்பைப் பொடித்துத் தூவு. அதன் மேல் வண்டி நிறத்தை அடித்துவிட்டு, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் உரிந்து துரு தெரிகிற மாதிரியே இருக்கும். மட்கார்டு ஓரத்தில் அப்படிச் செய்தேன். பின்சக்கரத்து ஸ்பிரிங் வில்லுக்கு உன் கிட்டில் இருந்த பட்டைகள் போதவில்லை. நாம் ஏற்றிய பாரம் எவ்வளவு, கம்பெனி சொன்ன பாரம் எவ்வளவு! அரை மில்லிமீட்டர் பட்டை வெட்டி இன்னும் நாலு சேர்த்தேன். பாரம் ஏற்றின வண்டியாகத் தெரியட்டும் என்று டயரின் அடியையும் கொஞ்சம் தேய்த்துத் தட்டையாக்கினேன். இதை யாரும் கவனிக்கமாட்டார்கள், நீ கவனிப்பாய்.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

1970 டிசம்பரில் ஒரே நாளில் இந்த நாட்டு வண்டியெல்லாம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. அப்போது நான் சின்னப் பையன். தாத்தா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. நம் ஹினோவிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அப்படியானால் டிரைவர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் போகிற வண்டியை முந்தவேண்டுமென்றால் எதிரில் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. இடப்பக்க சீட்டில் இருக்கிறவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்குத்தான் ஸ்பெயர் பையன். நீ இருக்கிற ஊரில் ரோடும் இடது, ஸ்டியரிங்கும் வலது, அதனால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

உனக்கு ஏழு வயசில் பள்ளி லீவு விட்ட நாட்களில் மோல்மேன் வரைக்கும் வருவாய். அப்போது சல்வீன் பாலம் திறக்கவில்லை, அது 2005-ல்தான். மார்த்தபானில் படகுக்குக் காத்துக் கிடப்போம். ஸ்பெயர் பையன் பின்னால் மூட்டை மேல் தூங்குவான், அவன் வேலையை நீ எடுத்துக்கொள்வாய். ஜன்னலில் தலையை நீட்டி, "வராதீங்கப்பா, வராதீங்க... ம், இப்ப வாங்க" என்பாய். பெகு ரோட்டில் உன் பேச்சை நம்பித்தான் எத்தனை வண்டியை முந்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னதே இல்லை. இந்தக் கடிதத்தையும் நீயே படித்துக்கொள், போனில் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

எட்டிப் பார்க்கும்போது நீ பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்திருந்தேன். பழைய சைக்கிள் கேரியரிலிருந்து அறுத்த கம்பி, சிவப்பு டியூப் சுற்றியிருக்கும். அதைச் செம்புக் கம்பியில் வளைத்து, சிவப்பு நூல் சுற்றி, பசை தடவி வைத்துவிட்டேன். அரிசி நீளம் இருக்கிறது. ஆனால் எங்கே மாட்டுவது? டேஷ்போர்டில் என்று கை சொல்கிறது. கதவில் என்று கண் சொல்கிறது. போட்டோவில் அந்தப் பக்கம் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டால், "அந்தப் பிள்ளையை முன்னால உட்கார வெச்சீங்களா" என்று வேறு கேள்வி வருகிறது.

மே மாதம் உங்கள் ஊரில் ஹாபி ஷோ நடக்குமே, லீவு கிடைத்தால் போய்ப் பார். மாடல் கட்டுகிற கூட்டமெல்லாம் அங்கே வருமாம். பிளாஸ்டிக் கிட்டில் பாகங்கள் கோத்து வருகிற சட்டத்தில் மாட்டியிருப்பது போலச் செய்த தபால்பெட்டி முன்னால் நின்று நீ எடுத்த படத்தை அலமாரிக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் ராத்திரி ட்யூட்டி பார்த்துவிட்டுப் போகாதே, தூங்கிவிட்டுப் போ. அங்கே எனக்குப் பெரிய பெட்டி எதுவும் வாங்காதே. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு நாலு, மெல்லிய பசை ஒரு பாட்டில், அவ்வளவு போதும். அடுத்தது தாத்தா ஓட்டிய பஸ். யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன கனடா செவர்லே லாரி மேல் மரப்பெட்டி கட்டியது. அதன் முன்கண்ணாடி மற்ற வண்டி போல இல்லாமல் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கியிருக்கும், மேலிருந்து விமானம் பார்த்தால் வெயிலில் மின்னக் கூடாதென்று. அதைப் பற்றி வேறொரு நாள்.

உன் டெக்கோட்டோரா விளக்குகளை எறியவில்லை. ஒரு மருந்து டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. தம்பி தன் பைக்குக்குக் கேட்கிறான், கொடுக்கமாட்டேன்.

அந்தக் கம்பி டேஷ்போர்டிலா, கதவிலா? கண்ணை மூடி, கையை நீட்டிப் பார்த்துச் சொல். கேபினில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இடப்பக்கக் கதவை மட்டும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

அப்பா