அடுத்து எங்கன்னும் எழுதுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம். பூகம்பம்னா ரிக்டர் எவ்ளோ, எத்தனை பேர் செத்தாங்க, அதோட செய்தி முடிஞ்சிடுது, பக்கத்துல எங்க ஸ்ட்ரெஸ், அதாவது பாறைல சேர்ற அழுத்தம், ஏறியிருக்குன்னு யாரும் எழுதறதில்ல. துருக்கில 1939 எர்சின்ஜான்ல ஆரம்பிச்சு வடக்கு அனடோலியன் ஃபால்ட்ல (ரெண்டு பக்கப் பாறையும் ஒண்ணை ஒண்ணு உரசி வழுக்குற நீளமான நிலப் பிளவு) பெரிய பூகம்பங்கள் பெரும்பாலும் மேற்கு பக்கமாவே நகர்ந்து வந்துச்சு. ஒரு துண்டு வழுக்கினா அங்க இறுக்கம் குறையும், ஆனா அதோட முனைக்கு அந்தாண்ட, இன்னும் வழுக்காத பாறைல தள்ளுற விசை கூடும், சில இடத்துல ரெண்டு பக்கத்தையும் கவ்விப் பிடிச்சிருக்கறதும் தளரும், இதத்தான் கூலம்ப் ஸ்ட்ரெஸ்னு கணக்கு போடறாங்க. அந்தக் கணக்குல துருக்கியோட இஸ்மித் நகரம் பக்கம் ஆபத்துன்னு 1997லயே ஆய்வுக் கட்டுரை வந்துச்சு, 1999 ஆகஸ்ட் 17 அங்கயே அடிச்சு 17 ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க, நவம்பர்ல பக்கத்து ஊர் டூஸ்ஜேலயும் பூகம்பம் வந்துச்சு. தேதி சொல்ல முடியாதுதான், ஆனா எந்த ஊர் பில்டிங்கை முதல்ல பலப்படுத்தணும்னு சொல்லலாமே, அதையும் சேர்த்துப் போடுங்க சார்.

- ஒரு வாசகர், திருச்சி