பெயர் போட முடியாத நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

என் முனைவர் பட்ட ஆய்வேடு போன மாதம் ஏற்கப்பட்டது. செம்மறி ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பற்றியது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துப் பட்டிகளில் ஐந்து வருடம் அலைந்து எழுதியது. முன்பக்கத்தில் நன்றியுரை என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வழிகாட்டி, துறைத்தலைவர், தேர்வாளர்கள் எல்லாரும் அதில் வந்துவிட்டார்கள். வந்திருக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. மறதியால் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது ஊட்டியில் இருக்கும் என் பள்ளித் தோழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அப்புறம் நான் ஆட்டுப்பக்கம் போனேன், அவள் அணுவுக்கும் சின்னதான துகள்களின் பக்கம் போனாள். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறதல்லவா, அங்கே காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணுவது அவள் வேலை. என் ஆய்வேட்டையும் அதை வைத்து எழுதிய கட்டுரையையும் புரட்டிவிட்டு, "உன் கட்டுரையில ஆறே பேருதானா?" என்று கேட்டாள். அவர்கள் துறையில் 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததாம். மொத்தம் 33 பக்கம். ஆராய்ச்சி இருப்பது 9 பக்கத்தில். மிச்சம் 24 பக்கமும் பெயர்ப்பட்டியல். 5,154 பேர். கருவியைக் கட்டியவர், ஓட்டியவர், கணக்குப் போட்டவர் என்று எல்லாருமே கட்டுரையாசிரியர்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேரைப் பார்த்ததில்லை என்று நான் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், அந்தக் கணக்கில் பார்த்தால் என் ஆய்வுக்கு எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த இருநூறு பேரின் பெயரை நான் எழுத முடியாது. முதல் பட்டியில் ரத்தம் எடுத்த அன்றே பட்டிக்காரர் சொல்லிவிட்டார்: "பேரு மட்டும் வேண்டாமுங்க. சீக்கு உளுந்த பட்டின்னு சந்தையில தெரிஞ்சா, கெடாய்க்கு வெல கேக்க ஆளு வராது." அவர் சொன்னது நிசம். கண்ணிவாடிச் சந்தையிலும் குண்டடத்துச் சந்தையிலும் வியாபாரிக்கு ஆட்டைவிட ஆட்டின் ஊர்தான் முதலில் தெரியும். நான் பார்த்த பரிசோதனை, ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது வைரசை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். இருந்தால், எப்போதோ அந்த வைரஸ் வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறது என்று பொருள். இன்றைக்குச் சீக்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. இதையெல்லாம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போது யார் விளக்கிக்கொண்டிருப்பது? ஆகவே எல்லாப் பட்டிக்கும் ஒரு எண்தான் கொடுத்தேன். இந்த மடலிலும் அப்படியே.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

பட்டி எண் 7, அம்மாயி. வேலி போட்ட மேய்ச்சல் நிலமான உங்கள் கொறங்காட்டில்தான் நான் ஆடு பிடிக்கவே கற்றுக்கொண்டேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது வேறு, கிளுவை வேலி ஓரத்தில் மேச்சேரி ஆடு திமிறும்போது செய்ய வேண்டியது வேறு. ஆட்டைக் கால் இடுக்கில் வைத்து, தாடையைத் தூக்கி, கழுத்தைச் சற்றே திருப்பிக் கொடுப்பீர்கள். நரம்பு தானாகத் தெரியும். எழுபது வயதில் ஒரு காலையில் நாற்பது ஆடு பிடித்தீர்கள். கடைசி ஆட்டையும் விட்டுவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "ஏனுங் அம்மிணி, ரத்தத்த எடுத்துட்டுப் போறீங்க, சங்கதி என்னன்னு என்னைக்குச் சொல்லுவீங்க?" பதினைந்து நாளில் என்றேன். எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்துக்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. எனக்குக் கட்டுரை முதலில், நீங்கள் பிறகு என்று இருந்துவிட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டி எண் 19, அப்பாரு. மற்றவர்கள் யோசித்தபோது நீங்கள்தான் படலைத் திறந்துவிட்டீர்கள். சின்ன வயதில் மாட்டு வெக்கை நோயில் (ரிண்டர்பெஸ்ட்) ஒரே வாரத்தில் உங்கள் தொழுவம் காலியானதைச் சொன்னீர்கள். ஊசி போட வந்தவரை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திய பாவம் என்றீர்கள். அந்த வெக்கை நோய் 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. இதை நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "அதெப்புடி, ஒண்ணுகூடவா இல்ல?" என்று மூன்று தடவை கேட்டீர்கள்.

நீலநாக்கு அப்படி எளிதில் ஒழியாது. வெக்கைக்கு ஒரே வகைதான். ஒரு தடுப்பூசி எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. நீலநாக்கு வைரசில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள், ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றை நம்பகமாகத் தடுக்காது. நம் நாட்டுத் தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 என்று ஐந்து வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். போதாததற்கு, இது ஆட்டுக்கு ஆடு ஒட்டுவதில்லை. கொசுவைவிடச் சின்னதாக ஒரு கடி ஈ இருக்கிறது, க்யூலிகாய்டஸ் என்று பெயர். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். பொழுது சாய்ந்ததும் கிளம்பும். அதுதான் நோயைச் சுமக்கிறது என்று 1944இல் தென்னாப்பிரிக்காவில் டூ டாய்ட் காட்டினார். ஈரச் சாணியிலும் சேற்றிலும் பெருகும். மாட்டுக்குள்ளும் வைரஸ் இருக்கும். மாடு பெரும்பாலும் எதையும் வெளியே காட்டாது. செம்மறிதான் காய்ச்சலில் விழும், உதடு வீங்கும், குளம்புக்கு மேலே சிவந்து நொண்டும். பேர்தான் நீலநாக்கு, நாக்கு நீலமானதைப் பல பட்டிகளில் நான் பார்க்கவே இல்லை. அங்கே அதை மூஞ்சி வீங்கற சீக்கு என்றார்கள். அது இன்னும் பொருத்தமான பேர். மனிதருக்கு வராது என்பதை மட்டும் நான் போன இடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கடி ஈயைப் பிடிக்கப் பட்டிக்குப் பட்டி விளக்குப் பொறி வைத்தோம். புற ஊதா விளக்கு, அடியில் ஒரு சின்ன மின்விசிறி, அதற்குக் கீழே சாராயக் குப்பி. (சாராயம் என்றதும் இரண்டு ஊரில் குப்பி காணாமல் போனது. அவர்களுக்கும் நன்றி, உயிரோடு இருப்பதற்காக.) பூச்சியியல் பேராசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றவர், இறக்கையில் இருக்கும் புள்ளிகளை வைத்து இனம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. காப்பி மட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

எண்ணுவதில்தான் தோழி வந்தாள். ஊட்டியில் அவர்கள் எண்ணும் மியூவான்கள் வானத்திலிருந்து சதா பொழிகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று கடந்து போகும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் வந்தபோது அந்த எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. 18 நிமிடம்தான். அந்தக் குறைவிலிருந்தே மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். மேகத்தைத் தொடாமல் மேகத்தை அளந்த கதை. நானோ குப்பியில் கிடந்த ஈயை எண்ணத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு ராத்திரி விரல்விட்டு எண்ணலாம். மறுராத்திரி அதே பொறியில் கரண்டியால் அள்ளலாம். சராசரி எடுத்தால் அர்த்தமே இல்லை.

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: மியூவான் ஒன்று வருவதற்கும் அடுத்தது வருவதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் அதன் ஏற்ற இறக்கம் சராசரியை ஒட்டியே நிற்கும். உன் ஈ கூட்டமாக வருகிறது, கூட்டமாகக் காணாமல் போகிறது. தனித்தனியாக வருவதற்கான பாய்சான் கணக்கை விட்டுவிட்டு, கூட்டமாக வருவதற்கும் இடம் கொடுக்கும் நெகட்டிவ் பைனாமியல் கணக்கைப் போடு. அப்படிப் போட்டதும்தான் எண்கள் பேச ஆரம்பித்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் காற்று வீசும்போது பொறி காலி. அந்தக் காற்றில் இந்தப் பொடி ஈயால் பறக்க முடியாது. ஐப்பசி மழை விட்டு, காற்றும் அடங்கி, பட்டியோரம் சாணி ஊறிக் கிடக்கும்போது குப்பி நிறைந்தது. எந்தக் குப்பி எந்தப் பட்டி என்று தெரியாதபடி சீட்டை மறைத்து எண்ணச் சொன்னதும் அவள்தான். மனசு நினைத்ததைக் கண் எண்ணிவிடும் என்பது அவர்கள் துறையில் எல்லாருக்கும் உள்ள பயம். நாங்கள் இருபதில் ஒன்று தற்செயலாக இருக்கலாம் என்றாலே திருப்திப்படுவோம். அவர்கள் 35 லட்சத்தில் ஒன்று என்று ஆனால்தான் கண்டுபிடித்தோம் என்பார்கள். அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வதை அவள் இன்னும் நிறுத்தவில்லை.

ஒரு கெட்ட வாரத்தையும் சொல்ல வேண்டும். எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை வைத்திருந்த ஓர் ஆய்வகத்தில், தீபாவளி விடுமுறையில் குளிர்பெட்டியின் சுவிட்ச் விழுந்துவிட்டது. நான்கு நாள் யாரும் பார்க்கவில்லை. திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இரண்டு மாத உழைப்பு. வாட்ச்மேன் அண்ணன்தான் முதலில் கவனித்து, தன் டிவிஎஸ் ஐம்பதில் போய் ஐஸ் வாங்கி வந்து, மிச்சத்தையாவது காப்பாற்றினார். போன சீரத்துக்காகப் பதினான்கு பட்டிக்கு மறுபடி போனேன். "இன்னொருக்கா ஊசியா?" என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, எல்லாரும் ஆட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம் போட்டு, தட்டில் நெய் ஊற்றி, பிறகுதான் பட்டிக்கே விட்டார்கள்.

ஐஸ் பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கவிட்ட தாராபுரம் பஸ் கண்டக்டர்களுக்கும், அதிகாலையில் எனக்காக ஐஸ் உடைத்த மீன்கடைக்காரருக்கும், மின்சாரம் போன இரவுகளில் பொறிக்குத் தன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி.

பொங்கலுக்கு வருகிறேன், பட்டிப் பொங்கல் அன்றைக்கே. ஊசி இல்லாமல், ஒவ்வொரு பட்டியின் முடிவையும் தனித்தனி உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். உறையின் மேல் எண் மட்டும் இருக்கும். பட்டியை மேட்டுக்கு மாற்றுவது, சாணியை அள்ளிக் காயப்போடுவது, மழைக்கு முன்பே தடுப்பூசி கேட்பது, எல்லாம் அப்போது பேசுவோம்.

இன்னொரு நன்றி பாக்கி. பட்டி எண் 31இல் என்னை இரண்டு தடவை கடித்து, மூன்றாவது தடவையிலிருந்து ராத்திரியெல்லாம் பொறிக்குக் காவல் இருந்த கறுப்பு நாய். அதன் பெயரை மட்டும் போடலாம் என்று சொந்தக்காரர் அனுமதித்துவிட்டார். மணி. கொங்கு நாட்டில் பாதி நாய்க்கு அதுதான் பேர் என்பதால் பட்டியை யாரும் கண்டுபிடிக்க முடியாது.