தலைகீழாக நிற்கும் படகுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

முதன்முதலாக மரப்படகு ஒன்றைச் செய்யத் துணிந்த எனக்குக் கடந்த மூன்று மாதங்களாக உதவிய அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். படகின் ஒரு மரப்பட்டியைக்கூட இன்னும் வளைக்கவில்லையே, அதற்குள் நன்றி மடலா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் படகைத் தாங்கப்போகும் சட்டகம் நேற்று மாலை நிறைவாக நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடப் போகும் அந்தச் சட்டகத்துக்குள் எத்தனை பேருடைய அறிவு சேர்ந்திருக்கிறது என்பதை, அது நிற்கும்போதே எழுதிவைக்க விரும்பினேன்.

இவ்வகைச் சிறு படகுகளைப் பெரும்பாலும் தலைகீழாகவே கட்டுவார்கள். ஏணியைப் படுக்கவைத்தாற்போல் ஒரு நீண்ட அடிச்சட்டம். அதன்மேல் அடிக்கு ஒன்றாக 13 அச்சுப்பலகைகள். ஒவ்வோர் அச்சும் 14 அடிப் படகின் அந்தந்த இடத்துக் குறுக்குவெட்டு வடிவத்தைக் காட்டும். அவற்றின்மீதுதான் 6 மி.மீ. தடிமனுள்ள மரப்பட்டிகளை வளைத்து ஒட்ட வேண்டும். சட்டகத்தில் கோணல் இருந்தால் படகு அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். பசை காய்ந்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.

முதல் நன்றி என் தங்கைக்கு. அச்சுகளின் வடிவத்தை ஒட்டுப்பலகையில் முழு அளவில் வரைந்து, வெட்டுவதற்கு ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் வரைபடத்தின் ஓரத்திலிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, "அண்ணா, இதில் உள்ள அளவெல்லாம் படகின் வெளிப்புறத்துக்கு உரியவை அல்லவா?" என்று கேட்டாள். அச்சு நிற்பதோ பட்டிகளுக்கு உள்ளே. பட்டியின் தடிமனைச் சுற்றிலும் கழித்த பிறகுதான் வெட்ட வேண்டும். கழிக்காமல் வெட்டியிருந்தால் பக்கத்துக்கு 6 மி.மீ. பருத்த ஒரு படகு எனக்கு வாய்த்திருக்கும்.

கொத்தனார் அண்ணனுக்கு நான் பட்டிருக்கும் கடன் இன்னும் பெரிது. அடிச்சட்டத்தைப் பூட்டி, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்ததும் வேலை முடிந்தது என்று நான் நிமிர்ந்துவிட்டேன். குறுக்களவு ஒத்துவந்தால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது அதில் தெரியாது. அவர் வந்தவுடன் இரண்டு நேரான கட்டைகளைச் சட்டத்தின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குந்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கட்டைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பிறகு தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெளிந்த நெகிழிக் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்தபோது, அணியப் பக்கத்தின் (படகின் முன்முனை வரும் பக்கத்தின்) ஒரு மூலை மற்ற மூன்றைவிட 9 மி.மீ. உயர்ந்திருந்தது. நீர் வடிவதற்காகச் சரித்துக் கட்டிய தரையை நான் மட்டமானது என்று நம்பியிருந்தேன். இரண்டடி ரசமட்டத்தை 14 அடி நீளத்துக்கு நகர்த்தி நகர்த்தி வைத்ததில் சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டன. கால்களுக்கு அடியில் ஆப்புகளைச் செருகி அரை நாளில் அவர் அதைச் சரிசெய்தார். குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது என்பதையும், அதன் ஒரு பகுதி மட்டும் வெயிலில் கிடந்தால் மட்டம் பொய் சொல்லும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

தச்சர் ஐயாவைப் பற்றிச் சுருக்கமாக எழுதினால் அவர் வருந்தமாட்டார், அதிகம் பேசாதவர். நடுக்கோட்டுக்குத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டச் சொன்னவர் அவர்தான். நரம்பு சற்றே தொய்ந்தாலும் மேலிருந்து பார்க்கையில் நேராகவே இருக்கும். ஆகவே அதை நடுவுக்கு நம்பலாம், உயரத்துக்கு நம்பக் கூடாது என்றார். ஒவ்வோர் அச்சின் நடுக்குறியையும் தூக்குக்குண்டால் அந்த நரம்போடு பொருத்தினோம். ஒவ்வோர் அச்சுக்கும் உரிய இடத்தைக் காட்ட அடிச்சட்டத்தின் குறுக்கே ஒரு கோடு உண்டு; அச்சுப்பலகையை அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் பொருத்துவது என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். பலகைக்குத் தடிமன் இருக்கிறது. படகோ நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கியும் ஒடுங்கிக்கொண்டே போகிறது. எனவே முன்பாதி அச்சுகளானாலும் பின்பாதி அச்சுகளானாலும், கோட்டுக்கு நடுப்படகை நோக்கிய பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் பட்டி கோட்டின்மேல் உள்ள விளிம்பைத் தொடும். மாற்றி வைத்தால் வெளிவிளிம்பு துருத்திக்கொண்டு பட்டியைத் தள்ளும். நான் நான்கு அச்சுகளை மாற்றிப் பொருத்தியிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை என் கையில் கொடுத்தார்.

முன்பே படகு கட்டிய நண்பர் இரண்டே கேள்விகள் கேட்டார். சட்டகத்துக்கு அடியில் புகுந்து, உள்ளே கசியும் பசையைத் துடைக்க இடமிருக்கிறதா? முடிந்த படகு இந்தக் கதவு வழியாக வெளியே போகுமா? முதல் கேள்வியால் சட்டகம் ஒரு சாண் உயர்ந்தது. இரண்டாவதற்குக் கதவின் நிலையை அளந்து பார்த்தேன். இரண்டு விரற்கடை மிச்சம். அச்சு விளிம்புகளில் பசை பிடிக்காதபடி ஒட்டுநாடா சுற்றிக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கேட்டவுடன் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைத் தந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் என் நன்றி உரியது.

நேற்று மாலை, மெல்லிய ரீப்பர் ஒன்றை 13 அச்சுகளின் மேலும் வளைத்து வைத்துப் பார்த்தோம். ஒன்பதாம் அச்சில் மட்டும் ஒரு நூல் அளவு இடைவெளி தெரிந்தது. அங்கே ஒரு சிறு சீவலை ஒட்டியதும், ரீப்பர் அணியத்திலிருந்து பின்முனை வரை எங்கும் தூக்காமல், எங்கும் பள்ளம் விழாமல் படிந்தது. தச்சர் ஐயா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்த வாரம் பட்டி ஒட்டத் தொடங்குகிறேன். படகைத் திருப்பி நிமிர்த்தும் நாளில் ஆறு பேராவது வேண்டும். நாளைக் குறித்ததும் தெரிவிக்கிறேன். கிளாம்புகள் அதுவரை என்னிடமே இருக்கும் என்பதை அக்கா பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
படகு கட்டத் தொடங்கியிருப்பவன்