மாருத்துக்கு வேகம் கூட்டாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். நம் நாட்டிலேயே செய்த அந்தக் காலத்துப் போர் ஜெட் மாருத்தை, விமானம் கட்டி ஓட்டும் சிம்பிள்பிளேன்ஸ் விளையாட்டில் செய்து அனுப்பினாயே, அதை டேப்லெட்டில் திறந்து, இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

இடுப்பு ஒடுங்கிய உடம்பு, பின்னுக்குச் சாய்ந்த இறக்கை, பக்கத்துக்கு ஒன்றாகக் காற்று வாங்கும் வாய், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருக்கிறது. அந்த இடுப்பு வளைவுக்கு எத்தனை துண்டுகளைக் கோத்தாயோ, எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாயோ.

ஆனால் எஞ்சின் சக்தியை ஒன்றரை மடங்காக்கி வைத்திருக்கிறாய். அசல் அளவில் வைத்தால் மெதுவாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். மெதுவாகத்தான் போகும் தம்பி. அசல் மாருத்தில் இருந்தவை இரண்டு ஆர்ஃபியஸ் 703 ஜெட் எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 2,200 கிலோ உந்துவிசை, ஆஃப்டர்பர்னர் (வால் குழாயில் இன்னும் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) கிடையாது. ஜெர்மனியிலிருந்து பெங்களூருக்கு வந்த விமான வடிவமைப்பாளர் குர்ட் டாங்க், ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்த உடம்பு அது. அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை அமையவில்லை. ஒலியின் வேகத்தை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஆஃப்டர்பர்னர் வைத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் 1970 ஜனவரியில் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் உயிரை விட்டார். 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலாக மேலே கொண்டுபோனவரும் அவர்தான். அவ்வளவு பேர் மல்லுக்கட்டிய குறையை நீ ஓர் எண்ணை மாற்றி இல்லாமல் ஆக்கியது எனக்கு மனசு ஒப்பவில்லை. பழைய எண்ணையே வைத்துவிடு.

அப்புறம், தரையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடுகிறது. வடிவமைப்புத் திரையில் பார், எடை மையத்தைக் காட்டும் சிவப்பு உருண்டை, தூக்கு மையத்தை, அதாவது இறக்கைகள் தூக்கும் விசையின் நடுவிடத்தைக் காட்டும் நீல உருண்டைக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு எஞ்சினும் வால் பக்கம் இருந்தால் அப்படித்தான் ஆகும். அதற்காக மூக்குக்குள் ஏதோ ஒரு கட்டையைச் செருகிவிடாதே. அசலில் அங்கே 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் நான்கு இருந்தன, குண்டுகளோடு. அந்த எடையை அந்த இடத்திலேயே வை. சிவப்பு உருண்டை தானாக முன்னால் வரும்.

இன்னொன்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. மாருத்தே முதலில் ஒரு மரப் பிரதியாகத்தான் பறந்தது. எக்ஸ்-241 என்று பெயர். அசலின் முழு அளவிலேயே மரத்தில் செய்த கிளைடர், எஞ்சின் கிடையாது. 1959 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் 78 தடவை பறந்தது. டகோட்டா விமானம் அதை மேலே இழுத்துப் போய் விடும். இறக்கையும் வாலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா என்று அதில்தான் பார்த்தார்கள். நீயும் எஞ்சினை அணைத்துவிட்டு, உயரத்திலிருந்து சும்மா சறுக்கவிட்டுப் பார். உடம்பில் இருக்கிற கோணல் அப்போது தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை கோட்டூர்புரம் போனேன். சின்ன வயசில் உன்னைத் தோளில் வைத்துக் காட்டினேனே, பெரியார் அறிவியல் மையத்து மாருத், அதைப் பார்க்கத்தான். நாற்பது வருஷம் பட்டறையில் வெர்னியர் பிடித்த கை, சும்மா பார்த்துவிட்டு வருமா? தொடாமல் அளக்க ஒரு வழி செய்தேன். முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர்ப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். கிட்டே நின்று எடுத்தால் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகிவிடும், அளவு பொய் சொல்லும். மொத்த நீளம் 15.87 மீட்டர். படத்தில் அதை நூறு பங்காக்கிக்கொண்டால் பக்கவாட்டில் தெரிகிற மற்ற எல்லாவற்றையும் பங்கில் படித்துவிடலாம். இறக்கை பக்கவாட்டுப் படத்தில் தெரியாது; ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அது 9 மீட்டர், அதே கணக்கில் 57 பங்கு. உன்னுடையதில் 61 வருகிறது. அந்த நான்கு பங்கைக் குறைத்துவிடு. படங்களை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள்.

வெயிலில் நிறம் எப்படி வெளிறும் என்பதை நம் ஊர் விமானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உடம்பின் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் பேனல் கோடுகளைக் கிட்டத்தில் பார்க்க நீதான் போக வேண்டும். மியூனிக்கிலிருந்து எஸ்-1 ரயில் பிடித்தால் ஓபர்ஷ்லைஸ்ஹைம். அங்கே விமான அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது. நீ மியூனிக்குக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா. குளிருக்கு மப்ளர் போட்டுக்கொள்.

எல்லாம் சரிசெய்த பிறகு எனக்காக ஒரு சோதனை செய். 1971 போரில் தரையிலிருந்து சுட்டதில் ஓர் எஞ்சின் போயும், மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு தளத்துக்குத் திரும்பிய மாருத்கள் உண்டு. உன் மாருத்தில் இடது எஞ்சினை நடுவானில் அணைத்துவிட்டு, ஓடுதளத்தில் இறக்கிப் பார். இறங்கிவிட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா