வில்லுப்பாட்டில் ‘ஆமா’ உண்டு, உனக்கு இல்லை

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. நீயே எழுதி மெட்டுப் போட்ட நையாண்டிப் பாட்டுகளைக் கிட்டாரோடு இங்கே வந்து பாடப்போகிறாய் என்று வாசித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1908-ல் கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி இருக்கிற ஊர் இது. சிரிப்புப் பாட்டுக்கு இங்கே காது தயாராகவே இருக்கிறது. ஆனால் சொல் அந்தக் காதில் போய் விழ வேண்டுமே, என் கவலை அதுதான்.

வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி பாடியதும் பக்கப்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ போட்டு அந்த வரியைத் திருப்பி எடுப்பார்கள். குடமும் உடுக்கும் முதல் தடவை அமுக்கிய சொல், இரண்டாம் தடவை துலங்கிவிடும். தனியாளாய்ப் பாடுகிற உனக்கு அந்த உதவி கிடையாது. அதனால் கதையை நகர்த்தும் வரியை நீயே இரண்டு தடவை பாடு. சிரிப்பு வரி ஒரே தடவைதான். அந்தச் சொல் வரும்போது கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்திவிட்டு வெறுங்குரலில் விடு.

அந்தச் சொல் அடியின் கடைசியில் நிற்கட்டும். ‘கருப்பட்டி’ என்று ஓர் அடி முடிந்தால், அடுத்த அடியின் ‘ட்டி’க்குக் காது காத்திருக்கும். அங்கே ‘கந்துவட்டி’ வந்து விழுந்தால் சிரிப்பு. அதையே நடுவில் வைத்தால் பின்னால் வரும் சொற்கள் சிரிப்பில் முங்கிப்போகும். சனம் சிரிக்கும்போது கிட்டாரில் அதே இரண்டு கார்டுகளை (சேர்த்து மீட்டும் சுரக்கட்டுகளை) சுற்றிச் சுற்றி வாசி. சிரிப்பு பாதி அடங்கியதும் தொடங்கு. முழுசும் அடங்க விட்டால் சூடு ஆறிவிடும்.

நீ பாடப்போவது கல்யாண மண்டபம். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடும். முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை அலறவிடாமல், பாதி வழியில் இரண்டு சின்ன பாக்ஸ் வைக்கச் சொல். மேடையிலிருந்து 15 மீட்டர் என்றால் அவற்றுக்கு 45 மில்லி செகண்ட் டிலே, அதாவது தாமதம், வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். இதை விட்டுவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். மைக்செட்டுக்காரர் பழக்கத்தில் எக்கோ போடுவார். பணிவாக, ஆனால் கண்டிப்பாக, நிறுத்தச் சொல். நையாண்டிப் பாட்டுக்கு அது விஷம்.

மைக் வாயிலிருந்து மூன்று விரல் தூரம். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதே, கூவும். உன் குரல் உனக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், மைக்கின் முதுகுக்கு நேரே இருக்கட்டும். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்ட் மைக்குக்கு அங்கேதான் காது மந்தம். ஒலியைக் கலக்கும் மிக்சரில் உன் குரலை 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டி, 300 பக்கம் கொஞ்சம் குறைத்து, 3,000 பக்கம் லேசாக ஏற்றினால் ‘க’வும் ‘ட’வும் ‘ற’வும் எழும்பி நிற்கும்.

கிட்டாரின் ஒலியை வயருக்கு அனுப்பும் பிக்கப்புக்கு 9 வோல்ட் பேட்டரி புதுசாகப் போடு. வயரைச் செருகியே வைத்தால் வாசிக்காதபோதும் சார்ஜ் இறங்கும், ஞாபகம் இருக்கட்டும். கம்பியை முந்தின நாளே மாற்றி இழுத்து விடு; அன்றைக்கே மாற்றினால் பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கும். மிக்சருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் வேறு வேறு பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்தால் சில சமயம் ‘ம்ம்’ என்று இரைச்சல் வரும். இரண்டையும் ஒரே போர்டில் மாட்டச் சொல்.

மத்தியானம் மூன்று மணிக்கே வந்துவிடு. ஆளில்லாத மண்டபம் அதிகமாக முழங்கும், அதைக் கேட்டு மிரளாதே. ஆட்கள் நிறைந்ததும் குறையும். அம்மை மீன் புளிமுளம் வைத்திருப்பாள். பாடி முடித்துவிட்டுச் சாப்பிடுவோம்.

உன்,
தாசன்