துவைக்காமலே சுருங்கிய தொடர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்கள் இப்போது டிவிடி பெட்டிகளாகக் கிடைப்பதைப் பாராட்டி எழுதியிருந்தார். குதிரை வண்டியும் நீளப் பாவாடையும் வெள்ளிக் கரண்டியும் வருகிற சரித்திர காலத் தொடர்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் "அன்று பார்த்ததை அப்படியே இன்று வீட்டில் பார்க்கலாம்" என்று அவர் எழுதியிருந்த வரி எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அப்படியே இல்லை, ஐயா. என்னிடம் கணக்கு இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கோபம் புரியாது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலையை ஒட்டிய 'டோபி காட்' என்கிற சலவைத்துறையில் பிறந்து வளர்ந்தவன். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சலவைதான் தொழில். நார்தம் ரோடு பங்களாக்களில் இருந்த துரைமார்களின் சட்டையும் மேசை விரிப்பும் எங்கள் ஆற்றங்கரைக்குத்தான் வரும். எது எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்கு, காலருக்கு உள்பக்கம் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். எத்தனை துவைத்தாலும் அழியாது. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அத்தனை வீட்டுக் குறியும் தலைக்குள் இருந்தது.

என் அக்கா 1973-ல் தாதிமைப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். நம் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் அப்படிப் போனார்கள். 1987-ல் அங்கே தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஒரு பிரபு குடும்பத்துக் கதை, ஆறு பாகம். அக்கா அதை விடியோ டேப்பில் பிடித்துப் பார்சலில் அனுப்பினார். தொடரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் டிவிடி போட்டவர் யார் என்று தெரிந்துவிடும், உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அந்தப் பாவம் எனக்கு எதற்கு.

பிரிட்டனிலும் நம் நாட்டிலும் வண்ணத் தொலைக்காட்சிக்கு ஒரே 'பால்' (PAL) ஒளிபரப்பு முறைதான் (கறக்கிற பால் இல்லை), ஆகவே அங்கே பிடித்த டேப் இங்கே சிக்கல் இல்லாமல் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த டேப்பாக இருந்தால் படம் உருண்டுகொண்டே இருக்கும். மூன்று மணி நேர டேப் இரண்டு, ஒன்றுக்கு மூன்று பாகம். தாதி வேலை பார்த்தவர்களுக்கு எதற்கும் மணி குறிக்கிற பழக்கம் உண்டு அல்லவா, அக்கா லேபிளில் ஒவ்வொரு பாகத்துக்கும் எழுதியிருந்தார்: தொடக்கம் 9.05, முடிவு 9.57. விளம்பரமே வராத அலைவரிசை. ஆக, பாகத்துக்கு 52 நிமிடம், மொத்தம் 312.

இனி நான்காம் பாகத்துக்கு வருகிறேன். மறுநாள் பெரிய விருந்து. மாளிகையின் பின்கட்டில் சலவைக்கூடம். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்று வேலை செய்கிறாள். கொப்பரையில் துணி கொதிக்கிறது. எடுத்து அலசி, கடைசித் தண்ணீரில் நீலப் பொட்டலத்தை முக்கி ஆட்டுகிறாள். பிறகு கஞ்சி. சட்டையிலிருந்து கழற்றி மாட்டுகிற காலர்கள் ஒரு தட்டு நிறைய. அடுப்பின் மேல் இரண்டு இஸ்திரி இரும்பு சூடேறிக்கொண்டிருக்கும். ஒன்று ஆறினால் மற்றொன்று. இரும்பைத் தூக்கி, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பாள். சொட்டு உருண்டு ஓடவேண்டும், அப்போதுதான் பதம். வசனம் ஒன்று கிடையாது. இசை கிடையாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் அந்தக் கைகளை மட்டும் காட்டுவார்கள். கடைசியில் ஒரு காலரை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்தக் காட்சியைப் பார்த்த மாதிரி வேறெதையும் பார்த்ததில்லை. எங்களுடையது சிரட்டைக் கரி போடுகிற பெட்டி, அவர்களுடையது அடுப்பில் சுடுகிற இரும்பு. மற்றபடி நீலம், கஞ்சி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது எல்லாம் ஒன்றுதான். அப்பா அப்போது தொழிலை விட்டுவிட்டார், மூட்டுவலி. நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே விமர்சனம்: "கஞ்சி கூடிப்போச்சு." அப்புறம், "திருப்பிப் போடு."

நம் பினாங்கு ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. டேப் இரண்டிலும் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து, போட்டால் ப்ளேயர் இருமுகிறது. அதனால்தான் போன வருடம் அதே தொடரின் டிவிடியைக் கண்டதும் யோசிக்காமல் வாங்கினேன். 89 வெள்ளி 90 காசு. ஹோலோகிராம் ஒட்டிய அசல் சரக்கு, பெட்டாலிங் தெருக் கள்ளப் பிரதி இல்லை. இரண்டு வட்டு. பெட்டியின் முதுகில் "முழுத் தொடர், சுமார் 5 மணி நேரம்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

அக்கா தீபாவளிக்கு வந்திருந்தார். இருவரும் உட்கார்ந்து நான்காம் பாகத்தைப் போட்டோம். விருந்துக்கு ஆள் அழைக்கிறார்கள், வெள்ளிப் பாத்திரம் துடைக்கிறார்கள், மறுகணம் விருந்து தொடங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, துணி வெளுக்கிற சீன் எங்கடா?"

ஐந்தாம் பாகமாக இருக்கும் என்றேன். இல்லை. ஆறிலும் இல்லை. மறுநாள் இருவரும் கடிகாரமும் தாளுமாக உட்கார்ந்தோம். 47, 46, 47, 43, 46, 47. மொத்தம் 276 நிமிடம். 36 நிமிடத்தைக் காணோம். அதில் நான்காம் பாகத்தில் மட்டும் ஒன்பது.

ஞாபகத்தில் இருந்ததை வைத்து ஒப்பிட்டோம். பெரிய இடத்துச் சண்டை, கல்யாணப் பேச்சு, உயில் விவகாரம் எல்லாம் பத்திரம். போனது யாருடைய காட்சிகள் என்று பார்த்தால் சலவைக்காரி, லாயக்காரனின் மகன், சமையல் கட்டில் இரண்டு பெண்கள் காலணியைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிப்பது. கதைக்கு வேண்டாதவை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். இது தணிக்கைக் கத்தரி என்று சிலர் நினைக்கலாம். அதெல்லாம் இல்லை. மூன்றாம் பாகத்தில் தோட்டத்து முத்தம் முழுசாக இருக்கிறது. கஞ்சித் தொட்டிதான் போய்விட்டது.

வெளியிட்ட நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. ஒளிபரப்பு முறைகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசத்தால் நிமிடம் குறைந்து தெரியுமாம். இதை நான் சும்மா விடவில்லை. சினிமாப் படம் நொடிக்கு 24 பிரேம். அதை பால் முறைத் தொலைக்காட்சியில் 25 ஆக ஓட்டுவார்கள், அதனால் நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். அது உண்மை. ஆனால் இந்தத் தொடர் டிவிக்கென்றே 25-ல் எடுத்தது. அவர்கள் சொல்வதையே ஒப்புக்கொண்டாலும் 312 நிமிடம் 300 ஆகலாம், 276 எப்படி ஆகும்? வேகம் கூடியிருந்தால் அந்தப் பெண் இன்னும் வேகமாகத் துவைத்திருப்பாள். காணாமல் போயிருக்க மாட்டாள்.

இரண்டாவது பதிலில்தான் விஷயம் வந்தது. இது வெளிநாட்டு விற்பனைக்காகத் தயாரித்த பதிப்பு என்றார்கள். இதுதான் வேர். அமெரிக்காவின் விளம்பர அலைவரிசைகளில் ஒரு மணி நேரம் என்றால் நிகழ்ச்சிக்குக் கிடைப்பது 45 நிமிடத்தை ஒட்டித்தான். 52 நிமிடத் தொடரை அந்த இடத்தில் திணிக்க ஏழு நிமிடம் வெட்டவேண்டும். ஒரு தடவை வெட்டிய பிரதி கிடங்கில் இருக்கும், பிற்பாடு டிவிடிக்கு அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மூலத்தைத் தேடுகிற சிரமம் மிச்சம். இடம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி. மூன்று பாகம், 156 நிமிடம், தாராளமாக உட்காரும்.

இரண்டாம் பாகத்தில் கிராமபோன் பாட்டுக்குப் பதில் ஏதோ பியானோ ஒலிக்கிறது. அதை மட்டும் மன்னித்துவிட்டேன். ஒளிபரப்புக்கு வாங்குகிற பாட்டு உரிமை வட்டுக்குச் செல்லாது, மறுபடி பணம் கட்டவேண்டும், சில சமயம் கட்டுபடியாகாது.

இது புதிய வியாதியும் இல்லை. பிரிட்டனில் 1971 முதல் 1975 வரை ஓடிய 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரில் 68 பாகம். எசமானர்கள் மேல்மாடி, வேலைக்காரர்கள் கீழ்க்கட்டு, அதுதான் கதை. அமெரிக்காவில் முதலில் காட்டியபோது 13 பாகங்களை விட்டுவிட்டார்கள். அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. தொடங்கிய நேரத்தில் தொழில்நுட்பத் தொழிலாளர்கள் சம்பளத் தகராறில் வண்ணக் கேமராவைத் தொட மறுத்ததால், முதல் ஆறு பாகம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பிறகு முதல் பாகத்தை மட்டும் வண்ணத்தில் திரும்ப எடுத்து, அதற்கு இரண்டு முடிவு வைத்தார்கள். கறுப்பு வெள்ளை வேண்டாத நிலையங்கள் நேராக ஏழாம் பாகத்துக்குத் தாவ வசதியாக. வெட்டுவதற்கு வழி செய்தே வெட்டினார்கள். அதிலாவது ஒரு யோக்கியம் இருந்தது.

'டவுன்டன் ஆபி' தொடரின் முதல் பருவம் பிரிட்டனில் ஏழு பாகமாகவும் அமெரிக்காவில் நான்கு பாகமாகவும் வந்தது. அமெரிக்காவில் விற்ற டிவிடி பெட்டியிலோ "அசல் பிரிட்டன் பதிப்பு" என்று அச்சிட்டிருந்தார்கள். எழுத முடியும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். நான் வாங்கிய பெட்டியிலும் "வெளிநாட்டுச் சுருக்கம், 276 நிமிடம்" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், இந்தக் கடிதமும் இல்லை. ஒருவேளை அதனால்தான் போடவில்லையோ என்னவோ.

எங்கள் அப்பா கல்கி வாசகர். 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது பத்திரிகை ரஜூலா கப்பலில் வரும், கப்பல் தாமதமானால் வந்தியத்தேவனும் தாமதம். 1954-ல் முடிகிற வரை வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தொழிலில் மிஞ்சின கஞ்சியையே பசையாகக் காய்ச்சி, சட்டை அட்டையில் ஒட்டித் தைத்து வைத்தார். ஓவியர் மணியத்தின் படங்களோடு. பின்னாளில் நான் ஆசையாக ஒரு மலிவுப் பதிப்பு வாங்கிப்போனேன். புரட்டிப் பார்த்தார், படம் ஒன்றுகூட இல்லை. "கதை எல்லாம் இருக்குப்பா" என்றேன். மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன். துணி வெளுக்கிற காட்சி இல்லாத நான்காம் பாகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ, கட்டணம் ஐந்தே வெள்ளிதான் என்கிறார் நண்பர். போகலாம். ஆதாரம் கேட்டால் பூஞ்சை பிடித்த டேப்பையும் அக்காவின் லேபிளையும்தான் நீட்டவேண்டும். 89 வெள்ளியைத் திரும்ப வாங்குவதைவிட, பெட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு பாகமும் எத்தனை நிமிடம், எங்கிருந்து எடுத்த பிரதி என்று அச்சிட வைத்தால் எனக்குப் போதும். உங்கள் பத்திரிகையில் டிவிடி விமர்சனம் எழுதுகிறவர்களும் தயவுசெய்து ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

அக்கா திரும்பிப் போகும்போது இரண்டாம் எண் டேப்பைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒருவர் பூஞ்சையைத் துடைத்து வட்டில் ஏற்றித் தருகிறாராம். நாலு, ஐந்து, ஆறு மூன்றும் அதில்தான். பூஞ்சை எந்த இடத்தைத் தின்றிருக்கிறதோ தெரியாது. டேப் பிழைத்து வந்தால், கஞ்சி உண்மையிலேயே கூடித்தான் போயிருந்ததா என்று ஒரு தடவை பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
டோபி காட் வாசகர் ஒருவர்,
பினாங்கு