மரங்கள் பட்டுப்போகவில்லை, அப்பா

ஸ்காபரோ, கனடா,
ஒக்ரோபர் 19

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் நோவு எப்படி? மாரி தொடங்கினால் கூடும், எண்ணெய் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கோ.

போன கிழமை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அங்கை மரமெல்லாம் பட்டுப்போச்சே?" என்று கேட்டீர்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அன்றிரவு முழுக்க அந்தக் கேள்விதான் மனதுக்குள் நின்றது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் ரூஜ் ஆற்றங்கரைக் காடு. ஞாயிறு விடியப் போய்விடுவேன். வந்த முதல் வருடம் ஒரு மரத்தின் பெயரும் தெரியாது. வளவில் நிற்கிற ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லி என்னை வளர்த்தீர்கள். பெயர் தெரியாத மரங்களுக்குள் நடப்பது எனக்கு எவ்வளவு அந்தரமாக இருந்திருக்கும் என்று உங்களுக்கு விளங்கும். இப்போது மேப்பிள், ஓக், பீச், பேர்ச் எல்லாம் பட்டையைப் பார்த்தே சொல்லுவேன்.

எங்கள் வேம்பு மாசி, பங்குனியில் இலை கொட்டுவது வரட்சிக்கு. இங்கே குளிருக்கு. மார்கழியில் நிலம் உறைந்துவிட்டால் வேர் தண்ணீர் இழுக்க முடியாது. அகன்ற இலைகளை வைத்திருந்தால் மரத்துக்குத்தான் நட்டம். அதனால் பகல் குறையக் குறைய இலையிலிருக்கிற சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். பச்சை போனதும், அதுவரை மறைந்து கிடந்த மஞ்சள் தெரியவரும். மேப்பிளின் சிவப்பு அப்படியில்லை. அது இந்த நாட்களில்தான் இலைக்குள் புதிதாக உண்டாகிறது. பகல் நல்ல வெயிலும் இரவு குளிருமாக இருந்தால் சிவப்பு ஏறும். இந்த முறை ஏறியிருக்கிறது, கண்ணை எடுக்க முடியவில்லை.

நேற்று சர்க்கரை மேப்பிளின் தாழ்ந்த கொப்பு ஒன்றை இழுத்துப் பார்த்தேன். இலை விழுந்த இடத்தில் சின்னத் தழும்பு. அதற்குச் சரியாக மேலே, பென்சில் முனை மாதிரி கூராக ஒரு மண்ணிற மொட்டு. செதில் மேல் செதிலாக இறுக்கி மூடியிருந்தது. வருகிற சித்திரை, வைகாசியில் விரியப்போகிற இலை அதற்குள் இருக்கிறது அப்பா. கோடையிலேயே கட்டி வைத்துவிட்டுத்தான் மரம் பழைய இலையை விடுகிறது. படத்தில் உங்களுக்குப் பட்ட மரமாகத் தெரிந்த எல்லாவற்றிலும் இந்த மொட்டு உண்டு.

இன்னொரு புதினம். எங்கள் எருக்கலையின் இனத்துச் செடி ஒன்று இங்கேயும் நிற்கிறது, மில்க்வீட் என்பார்கள். கிள்ளினால் அதே பால். காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு. எருக்கலை இலை தின்று வளருகிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை எங்கள் வேலியில் பார்த்திருப்பீர்களே, அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி மொனாக் என்று ஒன்று இந்தச் செடியில்தான் முட்டை இடும். போன மாதம் அவை ஏரிக்கரையில் கூடி நின்று, பிறகு தெற்கே மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குப் பறந்துவிட்டன. 4,000 கிலோமீற்றர் வரை போகுமாம். போகிறவற்றில் ஒன்றுக்கும் முன்னர் போன பழக்கம் இல்லை, எல்லாம் இந்த வருடம் பிறந்தவை. நான் இதைக் கனநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹைலண்ட் ஓடையில் சினூக் சால்மன் ஏறுகிறது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து தண்ணீரை எதிர்த்து வந்து முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். ஒரு பெண் மீன் என் காலடியில் கிடந்தது, முழங்கை நீளத்துக்கும் கூட. கூழாங்கல்லை வாலால் அடித்து அடித்துக் குழி தோண்டியதில் வால் தேய்ந்து வெள்ளையாகக் கிழிந்திருந்தது. செவுள் இன்னும் அசைந்தது. நான் தொடவில்லை.

முதுகில் கோடு போட்ட சிப்மங் என்ற பிராணி எங்கள் அணில் மாதிரியே இருக்கும். கன்னம் வீங்க வீங்கக் கொட்டை அடைத்துக்கொண்டு வளைக்குள் ஓடுகிறது. பனியில் அதற்கு நித்திரை. கறுப்பு அணிலுக்கு நித்திரை இல்லை. அது புதைத்த கொட்டையைத் தோண்டித் தின்று சமாளிக்கும்.

இந்தக் கடிதத்துக்குள் ஒரு மேப்பிள் இலை இருக்கிறது. பஞ்சாங்கத்துக்குள் வைத்து அமர்த்திக் காயவிட்டது. காம்பின் அடியைப் பாருங்கோ. பிய்ந்த மாதிரி இருக்காது, கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். விழ முதலே மரம் அந்த இடத்தை மூடி ஆற்றிவிடுகிறது.

ஆறுமணிக்குருவி வந்துவிட்டதா? வருகிற காலம்தானே. கிணற்றடிப் பக்கம் முதல் முதல் சத்தம் கேட்கிற பின்னேரம், திகதியை அந்தக் கலண்டரில் குறித்து வையுங்கோ. அடுத்த முறை போன் எடுக்கும்போது எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்பு மகன்